கூலி எந்தத் தேதியில் வரும்?

சென்னை பி அண்டு சி மில்லில் 1920ஆம் ஆண்டு மூண்ட தகராறு உயர் நீதிமன்றம் வரை போனது. வழக்கில் எதிர்வாதிகளாக நிறுத்தப்பட்டவர்கள் மில்லின் ஒரு நூலைக்கூடத் தொட்டவர்கள் அல்லர். தொழிலாளர்களைக் கூட்டிப் பேசியவர்கள், பி.பி. வாடியாவும் அவரோடு நின்ற சங்க நிர்வாகிகளும். வேலை ஒப்பந்தத்தை மீறும்படி ஆட்களைத் தூண்டினார்கள் என்பது நிர்வாகத்தின் புகார். நீதிமன்றம் தடையாணை கொடுத்தது. 1918 ஏப்ரல் 27 அன்று தொடங்கி, செல்வபதி செட்டியாரும் திரு.வி.க.வும் தோள்கொடுத்து வளர்த்த சென்னைத் தொழிலாளர் சங்கம் நட்டஈட்டு வழக்கின் நிழலில் நின்றது. சமரசத்தின் விலையாக வாடியா சங்கத்தை விட்டு விலக நேர்ந்தது. கூலியைப் பற்றிக் கூடிப் பேசியதற்காக வழக்கு வந்தால் அதிலிருந்து காக்க அன்றைக்கு ஒரு சட்டமும் இல்லை.

சில மாதங்களுக்குள், 1921 மார்ச் 1 அன்று, தில்லியில் மத்திய சட்டசபையில் ஒருவர் எழுந்து ஒரு தீர்மானத்தை முன்மொழிந்தார். தொழிற்சங்கங்களைப் பதிவு செய்யவும் பாதுகாக்கவும் அரசு விரைவில் சட்டம் கொண்டுவர வேண்டும் என்பதே அது. முன்மொழிந்தவர் பம்பாயைச் சேர்ந்த என்.எம். ஜோஷி. பெரம்பூரில் அந்த மில்லில் நெய்தவர்களுக்காகத் தில்லியில் பேசிய அவரை இன்று தமிழ்நாட்டில் அநேகமாக யாரும் நினைப்பதில்லை. ஒரு மக்கள் பிரதிநிதி எப்படி வாழ வேண்டும் என்று யோசிக்கும் போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறவர் அவர்தான்.

நாராயண் மல்ஹார் ஜோஷி 1879இல் கொங்கண் பகுதியின் கோரேகாவில் பிறந்தார். சில ஆண்டுகள் ஆசிரியராக இருந்தார். 1909இல் கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். 1911இல் பம்பாயில் சமூக சேவை லீக்கைத் தொடங்கினார். 1920இல் ஏ.ஐ.டி.யு.சி. உருவானபோது அதை உருவாக்கியவர்களில் ஒருவர். சட்டசபைக்கு அவர் தேர்தலில் வென்று போகவில்லை. சொத்தும் வரியும் இருந்தவர்களுக்கே வாக்கு இருந்த காலம் அது. மில் தொழிலாளிக்கு வாக்கே கிடையாது. ஆகவே தொழிலாளர் சார்பில் பேச ஒருவரை அரசே நியமித்தது. 140க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் உட்கார்ந்த அவையில், அரசு கொடுத்த இருக்கையில் அமர்ந்தபடியே அரசை எதிர்த்துப் பேசி, எதிர்த்து வாக்களித்து, ஏறத்தாழக் கால் நூற்றாண்டைக் கழித்தார். அரசு அளிக்க முன்வந்த பட்டத்தை ஏற்க மறுத்தார். இடதுசாரிகள் அவரை மிதவாதி என்று குறை சொன்னார்கள். முதலாளிகளுக்கு அவர் தொல்லை. இரண்டு பக்கத்திலிருந்தும் வந்ததைத் தாங்கிக்கொண்டு அவர் வேலையைப் பார்த்தார்.

அந்த வேலை எத்தகையது என்பதுதான் இங்கே முக்கியம். தொழிற்சங்கச் சட்டம் 1926இல் நிறைவேறி, 1927 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பதிவு பெற்ற சங்கத்தின் நிர்வாகிகள் மீது, தொழில் தகராறை ஒட்டி, வாடியா மீது போட்டதைப் போன்ற வழக்கைப் போட முடியாதபடி அது அரண் கட்டியது. தீர்மானத்துக்கும் சட்டத்துக்கும் இடையே ஐந்து ஆண்டுகள். அந்த ஐந்து ஆண்டுகளில் கைதட்டல் பெறும்படியான ஒரு காட்சியும் இருந்திருக்காது. மசோதா எங்கே, எப்போது வரும், இந்தப் பிரிவில் இந்தச் சொல் ஏன் என்ற கேள்விகள்தான் இருந்திருக்கும்.

கூலிக் கொடுப்பனவுச் சட்டத்தின் கதையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அந்நாளில் ஒரு மாதம் உழைத்தவருக்கு அந்த மாதக் கூலி அடுத்த மாதத்தின் நடுவில் வருவது சாதாரணம். சில ஆலைகளில் அதற்கும் மேல் தள்ளிப்போகும். நடுவில் வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே? கடன்காரரிடம் போக வேண்டியதுதான். ஆக, கூலி தாமதமாகிற ஒவ்வொரு நாளுக்கும் தொழிலாளி வட்டி கட்டினார். முதலாளியோ தான் கொடுக்க வேண்டிய பணத்தை வட்டியில்லாமல் வைத்திருந்தார். இதற்கு மேல் அபராதம். தாமதமாக வந்தால், துணி கெட்டால், மேஸ்திரியின் முகம் கோணினால் கூலியில் பிடித்தம். எவ்வளவு பிடிக்கலாம் என்பதற்கு வரம்பில்லை. பிடித்த பணம் எங்கே போயிற்று என்று கேட்க ஆளில்லை.

1929இல் அமைந்த தொழிலாளர் குறித்த ராயல் கமிஷனில் ஜோஷியும் ஓர் உறுப்பினர். விட்லி தலைமையிலான அந்தக் குழு 1931இல் தந்த அறிக்கை இந்த நடைமுறைகளையெல்லாம் எழுத்தில் வைத்தது. அதன் பிறகு வந்தது 1936ஆம் ஆண்டுச் சட்டம். ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தில் மாதம் முடிந்து ஏழாம் நாளுக்குள், அதற்கு மேற்பட்ட இடத்தில் பத்தாம் நாளுக்குள் கூலி கைக்கு வர வேண்டும். வேலையை விட்டு நீக்கப்பட்டவருக்கு இரண்டாவது வேலை நாளுக்குள். அபராதம் ரூபாய்க்கு அரையணாவைத் தாண்டக் கூடாது. பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அபராதமே கூடாது. அபராதத்தைத் தவணையாகப் பிடிக்கக் கூடாது, அறுபது நாட்கள் கழித்துப் பிடிக்கக் கூடாது. பிடித்த பணத்துக்குத் தனிப் பதிவேடு. அது தொழிலாளர் நலனுக்கே செலவாக வேண்டும்.

இந்த வரிகளைப் படிக்கும்போது ஒன்று தெரிகிறது. ஒவ்வொரு வரிக்கும் பின்னால், அந்த ஓட்டையின் வழியாக யாரோ ஒருவரின் பணம் போயிருக்கிறது. தவணையாகப் பிடிக்கக் கூடாது என்று எழுத வேண்டி வந்தது, தவணையாகப் பிடித்து வந்ததால்தான். நியாயம் என்பது பெரிய சொல். அது மனிதரின் வீட்டை அடைய வேண்டுமானால் ஏழாம் நாள், அரையணா, பதிவேடு என்று இவ்வளவு சிறிதாக இறங்கி வர வேண்டும். அப்படி இறக்கிக் கொண்டுவரப் பொறுமை உள்ளவரே நல்ல சட்டமன்ற உறுப்பினர் என்று நான் நம்புகிறேன். மேடையில் ஏழைகளுக்காகக் குரல் தழுதழுக்கப் பேசிவிட்டு, பிரிவுவாரியான விவாதத்தின்போது எழுந்துபோகிறவரின் இரக்கத்தை நான் நம்பவில்லை.

ஜோஷி தோற்றதும் உண்டு. 1924இல் அவர் மகப்பேறு நல மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் பெண் தொழிலாளிக்கு ஓய்வும், அந்த நாட்களுக்கு உதவித் தொகையும் வேண்டும் என்பது அதன் உள்ளடக்கம். அவை அதைத் தோற்கடித்தது. தோற்ற மசோதாவின் கதை அங்கே முடிந்துவிடுவதில்லை. 1928இல் பம்பாய் மாகாணச் சட்டசபையில் அதே பொருளில் ஒரு மசோதா வந்தபோது அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். 1929இல் அது சட்டமானது. சென்னை மாகாணம் 1934ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. நாடு முழுமைக்குமான மகப்பேறு நலச் சட்டம் 1961இல்தான் வந்தது. ஜோஷி 1955இலேயே காலமாகிவிட்டார். தான் கேட்டது கிடைப்பதைக் காணாமலேயே ஒருவர் சரியான கேள்வியைக் கேட்டு வைத்துவிட்டுப் போகலாம். வாக்கெடுப்பில் தோற்போம் என்று தெரிந்தே எழுந்து நிற்பது வீண் என்று சொல்கிறவர்கள், அவைக் குறிப்பில் பதிந்த ஒரு சொல் எவ்வளவு நாள் உயிரோடு இருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் மரபில் கொடைக்குப் பெரிய இடம் உண்டு. முல்லைக்குத் தேர் கொடுத்தவனையும் மயிலுக்குப் போர்வை கொடுத்தவனையும் பள்ளிப் பிள்ளைகள் அறிவார்கள். அந்த இடம் நியாயமானதே. ஆனால் புறநானூற்றில் வெள்ளைக்குடி நாகனார் என்றொரு புலவர் இருக்கிறார். சோழன் கிள்ளிவளவனிடம் அவர் போனது தனக்குப் பரிசில் வாங்க அன்று. தம் நிலத்தின் மேல் ஏறி நின்ற பழைய வரி நிலுவையைப் பற்றிப் பேசப் போனார். உழுகிறவனைக் காப்பது அரசின் கடமை என்பதை மன்னன் முகத்துக்கு நேரே சொன்னார். நிலுவையை நீக்கிக்கொண்டு திரும்பினார். பாரியைத் தெரிந்த அளவுக்கு நமக்கு நாகனாரைத் தெரியாது. கொடுத்தவனைப் பாடுகிற பழக்கம் வளர்ந்த அளவுக்கு, கணக்குக் கேட்டவனை மதிக்கும் பழக்கம் நம்மிடம் வளரவில்லை. இந்தக் குறை இன்றைய அரசியலிலும் அப்படியே தொடர்கிறது. நலத்திட்டம் தொடங்குகிற நாளில் பந்தல், மாலை, புகைப்படம். அந்தத் திட்டத்தின் பணம் ஆறு மாதம் கழித்து யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்று கேட்கிற நாளுக்குப் பந்தல் போடுவதில்லை. கேட்கிறவர் நன்றி கெட்டவர் என்றுகூடப் பெயரெடுக்கிறார். உழைத்தவருக்குக் கூலியும், சட்டம் உறுதி சொன்ன உதவியும் யாருடைய தயவும் அல்ல. அவற்றைப் பற்றிக் கேட்பதில் நன்றிக்கும் நன்றிகேட்டுக்கும் இடமே இல்லை.

நூறு நாள் வேலையை எடுத்துக்கொள்வோம். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், 2006 பிப்ரவரி 2 அன்று ஆந்திரத்தின் அனந்தபூர் மாவட்டத்தில் தொடங்கிய திட்டம். வேலை கேட்டு விண்ணப்பித்த பதினைந்து நாட்களுக்குள் வேலை தர வேண்டும், தராவிட்டால் வேலையில்லாக் காலப் படி தர வேண்டும் என்றது சட்டம். செய்த வேலைக்குப் பதினைந்து நாட்களுக்குள் கூலி. தவறினால் ஒவ்வொரு நாளுக்கும் நிலுவையில் 0.05 விழுக்காடு இழப்பீடு. தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். எழுத்தளவில் இது ஜோஷியின் ஏழாம் நாளுக்கு நேர் வாரிசு.

நடந்தது வேறு. வருகைப் பட்டியல் முடிந்ததிலிருந்து பணப் பரிமாற்ற ஆணை உருவாகிற வரையிலான தாமதத்தைக் கணினி எண்ணியது. அந்த ஆணை தில்லிக்குப் போய், அங்கே நிதி இல்லாமல் காத்திருந்த நாட்களை எண்ணவில்லை. எண்ணாத தாமதத்துக்கு இழப்பீடும் இல்லை. வேலை செய்த பெண்ணின் வீட்டில் அரிசி இல்லாத நாள், அரசின் கணக்கில் தாமதமே இல்லாத நாளாகப் பதிவானது. விவரம் தெரிந்த சிலர் ஆவணங்களைத் தோண்டி இதை வெளியே கொண்டுவந்தார்கள். இரண்டு கட்டங்களையும் சேர்த்துத்தான் பதினைந்து நாள், மத்திய அரசும் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது என்று 2018 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன் பிறகும் நிலுவை தீரவில்லை. 2024 இறுதியிலிருந்து மாதக்கணக்கில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களுக்குக் கூலி வராமல், 2025 ஜனவரியில் முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மார்ச்சில் மக்களவையில் தமிழ்நாட்டு உறுப்பினர்கள் 4,034 கோடி ரூபாய் நிலுவை பற்றிக் கேட்டார்கள். அவையில் கூச்சல் எழுந்தது. கேள்வி கேட்பதே குற்றம் என்பதுபோல ஒரு சூழல் உருவாகும்போது எனக்குக் கோபம் வருகிறது. அதை மறைக்க விரும்பவில்லை. வெயிலில் மண் வெட்டியவரின் கூலி அது.

2025 டிசம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்தில் வேறொரு சட்டம் வந்தது. நாட்கள் 125 ஆயின. செலவில் மாநிலங்களின் பங்கு கூடியது. புதிய ஏற்பாடு நல்லதா கெட்டதா என்பதைக் காலம் காட்டட்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அதைக் காட்ட வேண்டியது காலத்தின் வேலை இல்லை, நிலைக்குழுவின் வேலை. கோடிக்கணக்கான குடும்பங்களைத் தொடும் ஒரு மசோதா, அறிமுகமான சில நாட்களிலேயே இரண்டு அவைகளையும் கடந்துவிட்டது. குழுவுக்கு அனுப்புங்கள் என்ற எதிர்க்கட்சிகளின் கோரிக்கை ஏற்கப்படவில்லை.

ஆளுங்கட்சியை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது நேர்மையாகாது. 2020 செப்டம்பர் 23 அன்று மாநிலங்களவையில் மூன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. ஜோஷியின் 1921 தீர்மானத்திலிருந்து பிறந்த தொழிற்சங்கச் சட்டமும் அவற்றில் ஒன்றுக்குள் கரைந்தது. அப்போது எதிர்க்கட்சி இருக்கைகள் காலியாக இருந்தன. வேளாண் மசோதாக்கள் நிறைவேறிய முறையையும் அதையொட்டி எட்டு உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டதையும் எதிர்த்து அவர்கள் அவையைப் புறக்கணித்திருந்தார்கள். அவர்களுடைய கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனாலும் சங்கம் வைக்கும் உரிமை, வேலைநிறுத்த அறிவிப்பு, ஆட்குறைப்புக்கு அனுமதி ஆகியவற்றைப் பற்றி அன்று பிரிவுவாரியாகக் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் கேட்கப்படவே இல்லை. தன்னந்தனியாகவும் அவையில் உட்கார்ந்திருந்த ஒருவரை நினைத்துக்கொண்டு அந்த நாளின் செய்தியைப் படித்தால் மனம் கனக்கிறது.

நம் மாநிலத்து நிகழ்வு ஒன்றில் எனக்கு ஆறுதல் உண்டு. 2023 ஏப்ரல் 21 அன்று, ஒரு நாளின் வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணி வரை நீட்டிக்க வழிசெய்யும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்தில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்புச் செய்தன. ஒரே அணியில் இருப்பதால் வாயை மூடிக்கொள்ளவில்லை. தொழிற்சங்கங்கள் எழுந்தன. சில நாட்களில் மசோதா நிறுத்தி வைக்கப்பட்டது; மே 1 அன்று சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். சென்னையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடி அன்றோடு சரியாக நூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. திரும்பப் பெற்றதை அரசின் தோல்வி என்று எழுதியவர்கள் உண்டு. தவறு எனப்பட்டதைத் திருத்திக்கொள்ளும் அரசை ஏளனம் செய்தால், அடுத்த அரசு திருத்திக்கொள்ளவே அஞ்சும். அந்த ஏளனம் வேண்டாம் என்பது என் கருத்து.

இதெல்லாம் உறுப்பினர்களின் பாடு, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டம் செய்தது. தொழிலாளர் துறையின் ஆய்வாளர் எல்லாக் கடைக்கும் தினமும் போக முடியாது. நாம் போகிறோம். தீபாவளித் துணி எடுக்கப் போய் இரண்டு மணி நேரம் சேலை பார்க்கிறோம். எதிரே நிற்கும் பெண்ணின் பக்கத்தில் நாற்காலி இருக்கிறதா என்று அந்த இரண்டு மணி நேரத்தில் ஒருமுறை பார்க்கிறோமா? இல்லையென்றால் கடை மேலாளரிடம் மரியாதையாகக் கேட்கலாம். அந்தப் பெண் கேட்டால் வேலை போகும். நாம் கேட்டால் நமக்கு ஒன்றும் போகாது. கேட்பதால் எதையும் இழக்காதவருக்கே கேட்கும் பொறுப்பு அதிகம். ஜோஷியின் இருக்கையும் அப்படித்தான் இருந்தது; அவர் கேட்டதற்காக எந்த மில்லும் அவரை வேலையை விட்டு அனுப்ப முடியாது.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. மே 1 அவற்றில் ஒன்று. படித்தவர்களும், வேலை முடித்து ஓய்வு பெற்றவர்களும், ஊரில் நாலு பேருக்குத் தெரிந்தவர்களும் பெரும்பாலும் அங்கே வருவதில்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு கூட்டம் கலைந்துவிடுகிறது. நூறு நாள் வேலைச் சட்டத்தில் யார் கண்ணிலும் படாத ஒரு வரி இருந்தது. வேலை கேட்டு விண்ணப்பித்தவருக்குத் தேதியிட்ட ரசீது தர வேண்டும். ரசீது இல்லையென்றால் பதினைந்து நாள் எப்போது தொடங்கியது என்பதற்கு ஆதாரமில்லை. ஆதாரமில்லாமல் படி கேட்க முடியாது. புதிய சட்டத்தின் கீழும், இனி எந்தச் சட்டம் வந்தாலும், உரிமை இப்படி ஒரு துண்டுச் சீட்டின் மேல்தான் நிற்கும். எழுதத் தெரிந்த ஒருவர், எழுதத் தெரியாத பக்கத்து வீட்டு அக்காவின் விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்து, ஊராட்சி அலுவலகத்துக்குக் கூடப் போய், தேதி போட்ட ரசீதை வாங்கித் தந்துவிட்டு வரலாம். அடுத்த கிராம சபையில், இந்த ஊரில் எத்தனை பேர் வேலை கேட்டார்கள், எத்தனை பேருக்கு ரசீது தரப்பட்டது, யார் யாருக்கு எத்தனை நாள் கூலி நிற்கிறது என்று எழுந்து கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வைக்கலாம். அந்தப் புத்தகத்தின் நகலைத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினருக்கும் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் அனுப்பினால், அவையில் கேட்பதற்கு அவர்கள் கையில் ஊர்ப் பெயரும் தேதியும் தொகையும் இருக்கும்.